ட்ராமலைவிட ஓரங்கட்டப்பட்ட ஷார்ட்ஸ்டாப் யாராவது உண்டா?

ஆறு_நாலு_மூணு:
நேற்று ராத்திரி பக்கத்து இழையில் பேஸ்பாலில் எண்பதுகளின் சிறந்த ஷார்ட்ஸ்டாப் யார் என்று பேச்சு ஓடியது. கால் ரிப்கன், ஓஸி ஸ்மித், ராபின் யவுன்ட் என்று வரிசையாகப் பெயர்கள் விழுந்தன. நாற்பது பதிவு தாண்டியும் ஒருத்தர் வாயிலும் ஆலன் ட்ராமல் வரவில்லை. பொறுக்கவில்லை, அதனால் தனி இழை.

தெரியாதவர்களுக்கு: 1977 முதல் 1996 வரை 20 சீசன், அத்தனையும் டெட்ராய்ட் டைகர்ஸுக்கு மட்டும். 2,293 ஆட்டம், 2,365 ஹிட், 185 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி), 1,003 ஆர்பிஐ (இவர் அடித்ததால் அணிக்கு வந்த ரன்), சராசரி .285. ஃபீல்டிங்குக்கு நான்கு கோல்ட் க்ளவ் விருது, மட்டைக்கு மூன்று சில்வர் ஸ்லக்கர் விருது, ஆறு ஆல் ஸ்டார். 1984 வேர்ல்ட் சீரிஸில், அதாவது அந்த வருட இறுதித் தொடரில், தொடர் நாயகன். அந்த சீரிஸில் 20 தடவைக்கு 9 ஹிட், அதாவது .450. நான்காவது ஆட்டத்தில் டைகர்ஸ் எடுத்தது நான்கே ரன், நான்கும் இவர் மட்டையிலிருந்து வந்தவை. சான் டியாகோ பிட்சர் (பந்து எறிபவர்) எரிக் ஷோ பந்தில் ஒரு ஹோம் ரன் முதல் இன்னிங்ஸில், இன்னொன்று மூன்றாவதில். இதில் வேடிக்கை, ட்ராமல் வளர்ந்ததே சான் டியாகோவில்தான்! சொந்த ஊர் அணியை அடித்துத்தான் கோப்பை வாங்கினார்.

இவ்வளவு செய்த ஆளை, பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் வாக்குச்சீட்டில் பத்திரிகைக்காரர்கள் 15 வருடம் உட்கார வைத்தார்கள். 2018இல்தான் உள்ளே போனார், அதுவும் பின்வாசல் வழியாக.

யாராவது எனக்குப் புரியும்படி காரணம் சொல்லுங்கள்.

ஸ்டம்புக்குப்_பின்னால்:
அண்ணே, நான் கிரிக்கெட் ஆள். தலைப்பைப் பார்த்துத் தெரியாமல் உள்ளே வந்துவிட்டேன். ஷார்ட்ஸ்டாப் என்றால் யார்? ஷார்ட் லெக் மாதிரியா?

ஆறு_நாலு_மூணு:
வாங்க தம்பி. ஷார்ட் லெக் இல்லை. ஜான்டி ரோட்ஸ் பாயின்ட்டில் நின்றபோது என்ன வேலை செய்தாரோ, கிட்டத்தட்ட அது. ஓடுபவர் சுற்றி வர வேண்டிய நான்கு முனைகள்தான் பேஸ், அதில் இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே நிற்பவர். மட்டை பிடிப்பவர்களில் பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள், அவர்கள் இழுத்து அடிக்கும் தரைப்பந்து அதிகம் போவது அந்தப் பக்கம்தான். பாய்ந்து பிடித்தால் வேலை முடியாது, அங்கிருந்து முதல் பேஸுக்கு நூறடிக்கு மேல் எறிய வேண்டும், ஓடுபவர் போய்ச் சேர நாலு சொச்சம் நொடிதான். ஒரு தடவை பந்து கையில் தட்டினால் கதை முடிந்தது.

களத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு. ஷார்ட்ஸ்டாப் 6, இரண்டாவது பேஸ்காரர் 4, முதல் பேஸ்காரர் 3. ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்குகிற 6-4-3 டபுள் பிளே இருக்கிறதே, என் புனைபெயர் அதிலிருந்துதான்.

இந்த வேலை அவ்வளவு கஷ்டம் என்பதால் பழைய காலத்தில் ஷார்ட்ஸ்டாப் மட்டை பிடிக்கத் தெரியாதவராக இருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒன்பது பேரில் எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ இறக்கிவிட்டு மறந்துவிடுவார்கள். ட்ராமல் 1987இல் அதே இடத்தில் ஆடிக்கொண்டு நான்காவதாக இறங்கினார். க்ளீன்அப் என்பார்கள், குண்டடிக்காரர்கள் இறங்கும் இடம்.

எதிர்க்கட்சி:
நான் கொஞ்சம் எதிர்வாதம் வைக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ட்ராமல் நல்ல ஆட்டக்காரர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "ஓரங்கட்டினார்கள்" என்று அழுவது அதிகம். 1985இல் சராசரி .258. முழங்கால், தோள், முதுகு என்று ஏதாவது ஒன்று எப்போதும் படுத்தியது. 1992 மே மாதம் கணுக்கால் முறிந்து அந்த வருடம் 29 ஆட்டத்தோடு சரி. 1990க்குப் பிறகு ஒரு சீசனில்கூட 112 ஆட்டத்தைத் தாண்டவில்லை, கடைசியில் மூன்றாவது பேஸ், அவுட்ஃபீல்டு என்று இங்குமங்கும் நிற்க வைத்தார்கள். அதே நேரத்தில் பால்டிமோரில் ஒருத்தர் தொடர்ந்து 2,632 ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். ஒப்பீடு வரத்தானே செய்யும்?

20 வருடம் ஆடியும் 2,500 ஹிட் இல்லை, 200 ஹோம் ரன் இல்லை. எம்விபி, அதாவது வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது, ஒன்றுகூட இல்லை. வாக்களிப்பவர் கண்ணில் படுகிற மாதிரி ஒரு எண்ணைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை:
எதிர்க்கட்சி சாரே பதிலையும் சொல்லிவிட்டார், அவருக்குத்தான் தெரியவில்லை. "கண்ணில் படுகிற மாதிரி ஒரு எண்." ட்ராமலிடம் அது கிடையாது. ஓஸி ஸ்மித் என்றால் குட்டிக்கரணமும் 13 கோல்ட் க்ளவும். ரிப்கன் என்றால் 2,632. யவுன்ட் என்றால் 3,000 ஹிட். ட்ராமலிடம் எல்லாமே பத்துக்கு எட்டு: மட்டை, கை, கால் (236 ஸ்டீல், அதாவது பேஸ் திருட்டு), புத்தி. பத்துக்குப் பத்து எதிலும் இல்லை. பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் எண்பது வாங்குகிற பையனை எந்த வாத்தியாருக்கும் ஞாபகம் இருக்காது, கணக்கில் நூறு வாங்கி மற்றதில் தட்டுத்தடுமாறுகிறவனை முப்பது வருடம் கழித்தும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

இப்போது வார் என்று ஒரு கணக்கு இருக்கிறது, மட்டை, ஃபீல்டிங், ஓட்டம் எல்லாவற்றையும் ஒரே தராசில் போடுவது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் கணக்கில் ட்ராமல் 70க்குச் சற்று மேல். இன்னும் இரண்டு ஷார்ட்ஸ்டாப்களைப் பாருங்கள்: பேரி லார்கினும் 70க்குச் சற்று மேல். டெரெக் ஜீட்டர் 71க்குச் சற்று மேல். மூன்று பேரும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடு.

வாக்கைப் பாருங்கள். உள்ளே போக 75 விழுக்காடு வேண்டும். 2012இல் லார்கின் 86.4 வாங்கி உள்ளே போனார், அதே வாக்குச்சீட்டில் ட்ராமலுக்கு 36.8. ஜீட்டருக்கு 2020இல் 397 பேரில் 396 பேர் போட்டார்கள், போடாத அந்த ஒருத்தர் யார் என்று ஊரே தேடியது. ட்ராமலுக்குப் போடாதவர்களைத் தேட ஆரம்பித்தால் பட்டியல் நீளும்.

எம்விபி ஒன்றுகூட இல்லை என்று வேறு சொன்னீர்கள், 1987இல் அது கிட்டே வந்து கைநழுவியது. அதற்குத் தனியாக வருகிறேன், அந்த வாக்கெண்ணிக்கையை உட்கார்ந்து பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

நோவைவாசி:
கணக்குப்பிள்ளை வருவதற்குள் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

1987 ஆகஸ்டில்தான் நான் மிச்சிகனுக்கு வந்தேன், மேல்படிப்புக்கு. நான்கு பேர் சேர்ந்து ஒரு பழைய வீடு, டிவி கிடையாது. முன்பு அங்கே குடியிருந்தவர் விட்டுப்போன ஒரு ரேடியோ சமையலறை ஜன்னலில் இருந்தது. அதில் எர்னி ஹார்வெல் என்று ஒரு பெரியவர் ஆட்டம் சொல்வார். எனக்கு விதி ஒன்றும் தெரியாது, ஆனால் அந்தக் குரல் பிடித்துவிட்டது. நம்ம ஊர்ப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற நிதானம். பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தால் "அதைப் பிடித்தவர் இப்ஸிலாண்டியிலிருந்து வந்திருக்கிறார்" என்பார், மறுபடி விழுந்தால் வேறு ஊர்ப் பெயர். இவ்வளவு பேர் ஊரும் இவருக்கு எப்படித் தெரிகிறது என்று ஒரு மாதம் வியந்துகொண்டிருந்தேன். சும்மா அடித்துவிடுகிறார் என்று ஆய்வகத்தில் ஒருத்தர் சொல்லித்தான் தெரிந்தது!

அந்த வருடம் செப்டம்பரில் அந்த ரேடியோவில் அதிகம் கேட்ட பெயர் ட்ராமல். அந்த மாதம் முழுக்க .416 அடித்தார், அதில் 18 ஆட்டம் தொடர்ந்து ஹிட். லான்ஸ் பேரிஷ் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்விட்டதால் நான்காவது இடத்தில் இறங்க ஆள் இல்லை, மேனேஜர் ஸ்பார்க்கி ஆண்டர்சன் இவரைத் தூக்கி அங்கே போட்டிருந்தார். சீசன் முடிவில் .343, 28 ஹோம் ரன், 105 ஆர்பிஐ, 205 ஹிட். ஒரே சீசனில் 200 ஹிட்டும் 100 ஆர்பிஐயும் எடுத்த டைகர், 1955இல் அல் கேலைனுக்குப் பிறகு இவர்தான்.

கடைசி வாரக் கதை தெரியுமா உங்களுக்கு? டொரான்டோ மூன்றரை ஆட்டம் முன்னால் இருந்தது, ஏழே ஆட்டம் பாக்கி. ஊரில் எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். டொரான்டோ அந்த ஏழையும் தோற்றது. கடைசி மூன்று ஆட்டம் டைகர் ஸ்டேடியத்தில், இந்த இரண்டு அணிகளுக்குள்தான். சனிக்கிழமை, அக்டோபர் 3. 2-2 என்று பன்னிரண்டாவது இன்னிங்ஸ் வரைக்கும் இழுத்தது. மூன்று பேஸிலும் ஆள். ட்ராமல் அடித்த பந்து டொரான்டோ ஷார்ட்ஸ்டாப் மேனி லீயின் கால்களுக்கு நடுவே போனது. வழக்கமாக அங்கே நிற்க வேண்டிய டோனி ஃபெர்னாண்டஸ் பத்து நாள் முன்னால் டைகர்ஸோடு நடந்த ஆட்டத்திலேயே பில் மேட்லாக் சறுக்கி மோதியதில் முழங்கை உடைந்து கிடந்தார். ஒரு ஷார்ட்ஸ்டாப் அடித்தது, இன்னொரு ஷார்ட்ஸ்டாப்புக்குப் பதில் நின்றவர் காலுக்குள் போய், ஒரு சீசனே மாறிப்போனது. மறுநாள் டைகர்ஸ் பிட்சர் ஃபிராங்க் டனானா 1-0 என்று முடித்துவைத்தார், லாரி ஹெர்ன்டன் அடித்த ஒரே ஹோம் ரன்.

சாம்பார் அடுப்பில் தீய்ந்ததுகூடத் தெரியாமல் ரேடியோவைக் கட்டிக்கொண்டு நின்றது நான் ஒருத்தன்தான், மற்ற மூன்று பேருக்கும் என் மேல் கோபம்.

ஸ்டம்புக்குப்_பின்னால்:
அண்ணே, இது 1986 ஷார்ஜா கடைசிப் பந்து மாதிரி இருக்கிறதே. அப்புறம் அந்த வருட எம்விபி இவருக்குத்தானே போயிருக்கும்?

கணக்குப்பிள்ளை:
இல்லை தம்பி. டொரான்டோவின் ஜார்ஜ் பெல்லுக்குப் போனது.

அதான் சொன்னேனே, பிரித்துப் பார்த்தேன் என்று. மொத்தம் 28 பத்திரிகையாளர்கள். முதலிடத்துக்கு 14 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 9, மூன்றாமிடத்துக்கு 8. பெல் 332, ட்ராமல் 311. முதலிட வாக்கு பெல்லுக்கு 16, ட்ராமலுக்கு 12. பெல்லின் 16 முதலிடத்தைப் பெருக்கினால் 224, மிச்சம் 108, அதாவது மற்ற 12 பேரும் அவரை இரண்டாவதாகப் போட்டிருக்கிறார்கள். ட்ராமலுக்கு 12 முதலிடம் 168, மிச்சம் 143. அதை 16 பேர் கொடுக்க வேண்டும் என்றால் 15 பேர் இரண்டாமிடம், ஒருத்தர் மூன்றாமிடம். இருவருக்கு வெளியே யோசித்ததே அந்த ஒரு புண்ணியவான்தான்.

பெல்லை முதலில் போட்டு ட்ராமலை இரண்டாவதாகப் போட்டவர்களில் மூன்று பேர், மூன்றே பேர், வரிசையை மாற்றி எழுதியிருந்தால் எம்விபி டெட்ராய்டுக்கு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வித்தியாசம் 10 நகரும், 21ஐத் தாண்ட மூன்று போதும். அந்த ஒரு கோப்பை அலமாரியில் இருந்திருந்தால் ஹால் ஆஃப் ஃபேமுக்கு 15 வருடம் ஆகியிருக்காது என்பது என் கட்சி.

பெல் 47 ஹோம் ரன், 134 ஆர்பிஐ. பெரிய எண்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் லெஃப்ட் ஃபீல்டர், அவ்வளவு கஷ்டமில்லாத இடம், ட்ராமல் ஷார்ட்ஸ்டாப். சராசரியில் 35 புள்ளி வித்தியாசம், .308க்கு .343. அப்புறம் கடைசி வாரத்தில் பெல்லின் மட்டை சுத்தமாகப் படுத்துவிட்டது, டைகர்ஸ் மேலே வந்தார்கள். இன்றைய வார் கணக்கில் அந்த வருடம் ட்ராமல் 8க்கு மேல், பெல் 5 பக்கம்.

எதிர்க்கட்சி:
இன்றைய தராசை வைத்து அன்றைய வியாபாரத்தைக் குறை சொல்வது நியாயமா சார்? 1987இல் வார் என்றால் யாருக்குத் தெரியும்? ஆர்பிஐதான் அன்றைய நாணயம். அதில் பெல் ஜெயித்தார், கொடுத்தார்கள். சூழ்ச்சி ஒன்றும் இல்லை.

1987ஐ விட்டுத்தருகிறேன், அது ட்ராமலுக்குப் போயிருக்கலாம். ஆனால் காயத்துக்கு நீங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.

ஆறு_நாலு_மூணு:
சூழ்ச்சி என்று யாரும் சொல்லவில்லையே. அசட்டைதான். சூழ்ச்சியாக இருந்தால் எப்போதோ வெளியே வந்து பேசி முடிந்திருக்கும்.

காயத்துக்கு என் பதில்: 1993இல் 35 வயதில், முறிந்த கணுக்காலோடு ஒரு வருடம் போன பிறகு வந்து, .329 அடித்தார். அதைச் சொல்லாமல் 112 ஆட்டம் என்பதை மட்டும் சொல்கிறீர்கள். ஆட்ட எண்ணிக்கை குறைவு, அது உண்மை. ஆனால் லார்கினும் பாதி நாள் காயத்தில்தான் இருந்தார். அவரைவிட ட்ராமல் நூறு ஆட்டத்துக்கு மேல் கூடுதலாகவே ஆடியிருக்கிறார். லார்கினிடம் 1995 எம்விபி இருந்தது, உள்ளே போய்விட்டார். கணக்குப்பிள்ளை சொன்ன அந்த மூன்று வாக்கு எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

இன்னொன்று, அவர் வெளியேறிய நேரம் மோசம். 1996இல் ட்ராமல் விடைபெறுகிறார், அதே வருடம் அலெக்ஸ் ரோட்ரிகஸ் 20 வயதில் .358 அடிக்கிறார், ஜீட்டர் ரூக்கி ஆஃப் த இயர், அதாவது வருடத்தின் சிறந்த புதுமுகம். அடுத்த வருடம் கார்சியாபாரா. ஷார்ட்ஸ்டாப் என்றாலே 30 ஹோம் ரன் என்று ஆகிப்போன காலத்தில், 2002இல் ட்ராமல் பெயர் முதல் தடவை சீட்டில் வருகிறது. 185 ஹோம் ரன்னைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். 15.7 விழுக்காடு. நல்லவேளை, ஐந்துக்குக் கீழே போகவில்லை. போயிருந்தால் அன்றோடு பெயர் நீங்கியிருக்கும். அது யாருக்கு நடந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன், அதை நினைத்தாலே வயிறு எரிகிறது.

நடுவில் விதியையும் மாற்றினார்கள். 2014இல், இனிமேல் ஒருத்தர் பெயர் பத்து வருடம்தான் சீட்டில் இருக்கலாம் என்றார்கள். ஏற்கெனவே பத்தைத் தாண்டியிருந்த ட்ராமல் மாதிரி இரண்டு மூன்று பேருக்கு மட்டும் பழைய 15 வருடக் கணக்கு. 2016இல் கடைசி வாய்ப்பு, அதில்தான் அதிகபட்சமாக 40.9. பாதிகூட இல்லை. 2017 டிசம்பரில் பழைய ஆட்டக்காரர்களை மறுபடி பரிசீலிக்கிற 16 பேர் கொண்ட குழு உட்கார்ந்தது, 13 பேர் கை தூக்கினார்கள், முடிந்தது. கூடவே பழைய டைகர் பிட்சர் ஜாக் மோரிஸும். 2018 ஜூலை 29 ஹால் ஆஃப் ஃபேம் இருக்கிற கூப்பர்ஸ்டவுனில் விழா, ஆகஸ்டில் டெட்ராய்டில் அவருடைய 3ஆம் எண் சட்டைக்கு ஓய்வு.

சும்மா_படிப்பவன்:
பல வருடமாகப் படிக்க மட்டும் செய்கிறேன், எழுதுவது இது இரண்டாவது தடவை. இவரை எனக்கு மேனேஜராகத்தான் தெரியும். 2003 டைகர்ஸ், 43 வெற்றி 119 தோல்வி. அந்தப் பெயர்தான் என் வயதுக்காரர்களுக்கு ட்ராமல் என்றால் முதலில் ஞாபகம் வரும், பாவம்.

நோவைவாசி:
அந்த வருடத்தைப் பற்றிப் பேசினால் இன்னும் வலிக்கிறது. அது அவர் கட்டிய அணி இல்லை. ஆட்டமே தெரியாத இளசுகளையும் யாரும் வேண்டாத பழையவர்களையும் கையில் கொடுத்து, ஊருக்குப் பிடித்த முகம் ஒன்றை முன்னால் நிறுத்தினார்கள். கர்க் கிப்சனும் லான்ஸ் பேரிஷும் அவருக்குப் பக்கத்தில் பயிற்சியாளர்களாக. 1984 அணியின் பெயர்ப்பலகையை மாட்டிவிட்டால் கடை ஓடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

அந்த வருடத்தில் நான் பார்த்ததை ஒன்று சொல்கிறேன். கடைசி வாரம், 1962 மெட்ஸின் 120 தோல்விச் சாதனையை இவர்கள் தொடப்போகிறார்கள் என்று நாடே வேடிக்கை பார்க்கிறது. செப்டம்பர் 27, மினசோட்டாவிடம் 0-8 என்று பின்தங்கிக் கிடந்தார்கள். கொமெரிக்கா பார்க்கில் என் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். 9-8 என்று ஜெயித்தார்கள். மறுநாளும் ஜெயித்தார்கள், 119இல் நின்றது. அந்த அணி கடைசி ஆறில் ஐந்தை ஜெயித்தது! பிளேஆஃப் போகிற அணி மாதிரி கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ட்ராமல் அந்த வருடம் முழுக்க ஒரு பையனையும் பத்திரிகையில் விட்டுக்கொடுத்து நான் படித்ததில்லை.

2005 முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். 2006இல் ஜிம் லேலண்ட் வந்தார், அதே வருடம் வேர்ல்ட் சீரிஸ். பேர் வாங்கியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. லேலண்ட் பெரிய ஆள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இளசுகளில் சிலர் 2003இல் ட்ராமலிடம் உதை வாங்கி வளர்ந்தவர்கள்.

(119 தோல்வி என்கிற அமெரிக்கன் லீக் சாதனையைச் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 2024இல் 121 தோற்று வாங்கிக்கொண்டது. வாழ்க அவர்கள்.)

எதிர்க்கட்சி:
சரி, பாதி தோற்றுவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி. ட்ராமல் 2018இல் உள்ளே போய்விட்டார் அல்லவா, கணக்கு நேராகிவிட்டது. அப்புறம் எப்படி இன்றைக்கும் "ஓரங்கட்டப்பட்டவர்"?

ஆறு_நாலு_மூணு:
இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

1977 செப்டம்பர் 9, பாஸ்டன் ஃபென்வே பார்க், ஒரே நாளில் இரண்டு ஆட்டம், அதில் இரண்டாவது. டைகர்ஸ் அணியில் இரண்டு பையன்கள் முதல்முதலாக இறங்குகிறார்கள். ஷார்ட்ஸ்டாப்பில் 19 வயது ட்ராமல், இரண்டாவது பேஸில் 20 வயது லூ விட்டேக்கர். விட்டேக்கர் உண்மையில் மூன்றாவது பேஸ்காரர், இரண்டாவது பேஸுக்கு மாற்றி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அன்று ஆரம்பித்து 1995 வரை இரண்டு பேரும் ஒன்றாக ஆடியது 1,918 ஆட்டம். அமெரிக்கன் லீக்கில் இவ்வளவு ஆட்டம் சேர்ந்து ஆடிய ஜோடி வேறு எதுவும் இல்லை.

தம்பிக்காக டபுள் பிளேயை ஒரு தடவை மெதுவாகச் சொல்கிறேன். முதல் பேஸில் ஓர் ஓடுபவர். பந்து ட்ராமலிடம் உருண்டு வருகிறது. விட்டேக்கர் இன்னும் இரண்டாவது பேஸுக்கு வந்து சேரவில்லை, ஓடி வந்துகொண்டிருக்கிறார். ட்ராமல் அவர் இருக்கும் இடத்துக்கு எறியக்கூடாது, இருக்கப்போகும் இடத்துக்கு எறிய வேண்டும், நெஞ்சு உயரத்தில், முதல் பேஸ் பக்கமாக ஓரடி தள்ளி. ஓரடி மாறினால் விட்டேக்கர் திரும்புவதற்குக் கால் நொடி அதிகம், அந்தக் கால் நொடியில் இரண்டாவது ஆள் தப்பிவிடுவார், இல்லையென்றால் சறுக்கி வருகிறவர் ஸ்பைக்கில் விட்டேக்கரின் முழங்கால் போய்விடும். பல ஷார்ட்ஸ்டாப்களைவிட ட்ராமலுக்குக் கைவலு குறைவு. பந்தைப் பிடித்த கையோடு விட்டுவிடுவார், அதுவும் போக வேண்டிய இடத்துக்கே போகும். அவர் வைத்த இடத்தில் விட்டேக்கர் பந்தைத் தேட வேண்டியிருக்காது. நான் இந்த ஜோடியின் பழைய ஒளிப்பதிவுகளை ஒலியில்லாமல் போட்டுப் பார்ப்பேன், என் மனைவிக்கு நான் ஏதோ வியாதிக்காரன் என்று எண்ணம்.

இப்போது எண்ணிக்கை. ட்ராமல் 2,365 ஹிட். விட்டேக்கர் 2,369. 19, 20 வருடம் ஆடி நாலே ஹிட் வித்தியாசம்! ஹோம் ரன் விட்டேக்கருக்கு அதிகம், 244. வார் கணக்கிலும் விட்டேக்கர் மேலே, 75. கோல்ட் க்ளவ் மூன்று, 1978இல் ரூக்கி ஆஃப் த இயர்.

2001இல் விட்டேக்கர் பெயர் சீட்டில் வந்தது. 2.9 விழுக்காடு. முதல் வருடத்திலேயே பெயர் நீக்கம். மேலே சொன்னேனே, வயிறு எரிகிறது என்று, இதுதான். 2019 டிசம்பரில் குழு முன்னால் ஒரு தடவை வந்தார், 16இல் 6 வாக்கு. அவ்வளவுதான். 2022இல் டைகர்ஸ் அவருடைய 1ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது மட்டும்தான் ஆறுதல்.

கணக்கு எங்கே நேராகிவிட்டது?

கணக்குப்பிள்ளை:
விட்டேக்கரைப் பற்றிப் பேசிவிட்டு 1985 ஆல் ஸ்டார் ஆட்டத்தை விட்டால் பாவம். மினியாபொலிஸுக்கு யூனிஃபார்மை எடுத்துக்கொண்டு வர மறந்துவிட்டார். அங்கேயே ரசிகர்களுக்கு விற்கிற சட்டை ஒன்றை வாங்கி, முதுகில் மார்க்கரால் 1 என்று எழுதி ஆடினார். அந்தச் சட்டை இப்போது ஸ்மித்சோனியனில் இருக்கிறது. சட்டை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, ஆள் வெளியே நிற்கிறார்.

எதிர்க்கட்சி:
2.9ஆ? இது எனக்குத் தெரியாது. 29 என்று எழுத வந்து புள்ளி விழுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை படித்தேன். ட்ராமல் விஷயத்தில் காயம் என்ற என் வாதத்தை இன்னும் முழுதாக விடவில்லை, ஆனால் விட்டேக்கருக்கு என்ன சாக்கு சொல்வது என்று புரியவில்லை.

சும்மா_படிப்பவன்:
ஒருத்தர் உள்ளே, ஒருத்தர் வெளியே. ட்ராமலே கூப்பர்ஸ்டவுனில் பேசும்போது விட்டேக்கரைத்தான் நினைத்துக்கொண்டு பேசினார், அதை மட்டும் நேரலையில் பார்த்தேன்.

ஸ்டம்புக்குப்_பின்னால்:
அண்ணே, நீங்கள் முதலில் சொன்ன 1984 நான்காவது ஆட்டத்தைத் தேடிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விதி பாதிதான் புரிகிறது. முதல் ஹோம் ரன் வந்துவிட்டது. இரண்டு ரன் என்று போடுகிறார்களே, அடித்தது ஒருத்தர்தானே?

ஆறு_நாலு_மூணு:
ட்ராமலுக்கு முன்னால் இறங்கி ஏற்கெனவே பேஸில் நிற்பவரும் ஓடி வருவார் தம்பி, அதான் இரண்டு. மூன்றாவது இன்னிங்ஸில் அடுத்ததும் இரண்டு ரன்தான். நான்கு ரன் என்று சொன்னேனே, அதில் பாதி ட்ராமல் கால் வைத்தது, மீதிப் பாதி வேறு ஒருத்தர் கால் வைத்தது. இரண்டு தடவையும் ட்ராமலுக்கு முன்னால் வீடு வந்து சேர்பவர் முதுகில் என்ன எண் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஸ்டம்புக்குப்_பின்னால்:
இருங்கள், பின்னால் தள்ளிப் பார்க்கிறேன்.

1.

மூன்றாவது இன்னிங்ஸிலும் 1தான் அண்ணே.